விருந்தாளிக்குச் சுட்டது கணக்கில் வராது

பிப்ரவரி தொடக்கத்திலிருந்து மார்ச் கடைசி வரை, திங்களும் வியாழனும், ஹாப்பலாஹ்தி கிராமத்தில் ஏழு வீடுகளுக்குப் போய்ப் பன்னிரண்டு பேரின் மலத்தை வாங்கி வந்தேன். கூடவே சிறுநீரும். வாசலில் நின்று, பெயரைச் சரிபார்த்து, டப்பாவை வாங்கி, நன்றி சொல்ல வேண்டும். கூச்சப்படுகிறவள் செய்யக்கூடிய வேலை அல்ல. கொடுத்தவர்கள் என்னைவிட அதிகமாகக் கூச்சப்பட்டதால்தான் சமாளித்தேன்.

கலெர்வோ என்று ஒருவர். தனிக்கட்டை. காட்டில் மரம் வெட்டுகிறவர். தன் டப்பாவைச் செய்தித்தாளில் நான்கு சுற்று சுற்றி, காளான் பறிக்கும் வாளியின் அடியில் வைத்து, மேலே கையுறைகளைப் போட்டு மூடி, வாளியைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டு ஏரியைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நானும் ஏரியைப் பார்ப்பேன். ஏரி உறைந்து வெள்ளையாகக் கிடந்தது. பார்க்க அங்கே ஒன்றும் இல்லை.

"ஐஸ் கெட்டியாத்தான் இருக்கு," என்பார்.

"ஆமா," என்பேன்.

முதல் மூன்று வாரம் நாங்கள் பேசிக்கொண்டது இவ்வளவுதான்.

குவோப்பியோ நகரத்தில் எங்கள் ஆய்வுக்கூடம். சாறு பிழியும் ஆலைகள் பிளாக்கரண்ட், காட்டு புளூபெர்ரி இரண்டையும் பிழிந்தபின் தோலும் விதையுமாக ஒரு கருநீலச் சக்கையைக் கொட்டும். பழத்தின் நிறமும் துவர்ப்பும் தோலில்தான் இருக்கின்றன. அதனால் பாலிஃபீனால்கள் என்று நாங்கள் சொல்லும் பொருட்களில் பெரும்பங்கு, சாறோடு பாட்டிலுக்குப் போகாமல் சக்கையோடு பன்றித் தொட்டிக்குப் போய்விடுகிறது. அவற்றில் அதிகம் சிறுகுடலில் உறிஞ்சப்படுவதில்லை. பெருங்குடல் வரை வந்து சேரும். அங்கே இருக்கும் பாக்டீரியாக்கள் அவற்றை உடைத்துச் சின்னச் சின்ன மூலக்கூறுகளாக்கும். அவை இரத்தத்தில் கலந்து, ஆக்சிஜனேற்றச் சேதத்திலிருந்து உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் ஏற்பாடுகளைத் தட்டி எழுப்புகின்றனவா? அதுதான் எங்கள் கேள்வி. கேள்வி சிர்க்காவுடையது. டப்பா என்னுடையது.

சிர்க்கா ஆய்வின் தலைவர். ஹெல்சிங்கியிலிருந்து வந்தவர். வேகமாகப் பேசுவார், பேசியதையே செய்வார். எங்கள் சாவோ வட்டாரத்தில் இரண்டுமே அபூர்வம்.

இரண்டு கிராமங்களைத் தேர்ந்தெடுத்தோம். பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்களுக்குள் பொடியை மாற்றிக்கொள்ளக் கூடாது என்பதற்காக ஒரு கிராமத்துக்கு ஒரே பொடி. ஒன்றுக்கு உண்மையான சக்கைப் பொடி. மற்றதற்கு அதே நிறம் ஏற்றிய வெறும் ஓட்ஸ் மாவு. எந்த ஊருக்கு எது என்பது ஓர் உறைக்குள் ஒட்டப்பட்டு, சிர்க்காவின் அலமாரியில் கிடந்தது. எங்கள் இருவருக்கும் தெரியாது. தினம் காலையில் தயிரில் ஒரு கரண்டி கலந்து சாப்பிட வேண்டும். எட்டு வாரம் பெர்ரிப் பழங்கள் கூடாது; அவற்றின் சாறு கூடாது, கூழ் கூடாது, ஜாம் கூடாது. சாப்பிட்டதையெல்லாம் உணவுக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். முதலில் சிர்க்கா காப்பியையும் தடை செய்திருந்தார். ஒருவர்கூடப் பெயர் கொடுக்கவில்லை. காப்பியை அனுமதித்த அன்று மாலைக்குள் இருபத்து நான்கு பேர் சேர்ந்துவிட்டார்கள்.

கோத்தானியெமி கிராமத்தில் சுகாதார நிலையம் இருந்தது. அங்கிருந்தவர்கள் டப்பாக்களை அங்கேயே வைத்துவிட்டுப் போனார்கள். ஹாப்பலாஹ்தியில் இருந்ததை மூடிவிட்டார்கள். அதனால் நான் போனேன்.

என் வேலை மே கடைசி வரைக்கும்தான். "இந்த ஆய்வு நல்லபடியா முடிஞ்சா உனக்கு நாலு வருஷம், முனைவர் பட்டத்துக்கு. இடம் இருக்கு," என்று சிர்க்கா சொல்லியிருந்தார். நான் தலையாட்டினேன். தலையாட்டுவது எனக்கு நன்றாக வரும்.

முதல் திங்கள், முதல் வீடு எல்மாவுடையது. எல்மா பள்ளிக்கூடச் சமையல்காரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் எய்னோ, ரயில்வேயில் இருந்தவர். டப்பாக்களை வாங்கிக்கொண்டு திரும்பப் போனேன்.

"எங்க ஓடற? ஷூவைக் கழட்டு," என்றார் எல்மா. "காப்பி ஆறுது."

"வேண்டாங்க, வேலை இருக்கு."

"இருக்கட்டும். வா."

"இல்லீங்க, நெசமாவே..."

அதற்குள் வெட்டிவிட்டார். தட்டைக் கேக். புளிக்க வைத்த மாவின் மேல் போன கோடையில் பறித்து உறைய வைத்த புளூபெர்ரியைப் பரப்பிச் சுட்டது. ஓரத்தில் சாறு வழிந்து கருகியிருந்தது. அந்த ஓரத்தைத்தான் எனக்குக் கொடுத்தார்.

இரண்டு தடவை வேண்டாம் என்பது மரியாதை. மூன்றாவது தடவை சொன்னால் சண்டை. எங்கள் ஊரிலும் அப்படித்தான். அது ஹாப்பலாஹ்தியிலிருந்து இருபது கிலோமீட்டர். உட்கார்ந்து சாப்பிட்டேன்.

அடுத்த வீட்டில், "எல்மா என்ன குடுத்தா?" என்று கேட்டார்கள். சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. வியாழக்கிழமை அந்த வீட்டில் புளூபெர்ரி கேக்கோடு லிங்கன்பெர்ரிக் கூழும் இருந்தது. மறு வாரம் ஏழு வீட்டிலும் இருந்தது. கலெர்வோவுக்குக் கேக் சுடத் தெரியாது. லிங்கன்பெர்ரியை ரவையோடு காய்ச்சி, இளஞ்சிவப்பு நுரை பொங்கும் வரை அடித்து, ஒரு பெரிய கிண்ணத்தில் என் முன்னால் வைத்துவிட்டு ஏரியைப் பார்த்தார். நாலாவது வாரத்திலிருந்து அவர் அதிகம் பேசினார்.

"நுரை போதுமா?"

"போதும்."

"ஐஸ் கொஞ்சம் இளகுது."

"ஆமா."

திங்களும் வியாழனும் மதியத்துக்கு மேல் நான் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பும்போது என் பல் நீலமாக இருக்கும். ஒரு தடவை சிர்க்கா நின்று பார்த்தார்.

"உனக்குக் குளுருதா? உதடெல்லாம் நீலமா இருக்கு."

தலையாட்டினேன். காரின் ஹீட்டரைச் சரிபார்க்கச் சொல்லி யாருக்கோ கடிதம் எழுதினார். சரிபார்த்தார்கள். நன்றாகத்தான் இருந்தது.

மே மாதம் முடிவுகள் வந்தன. சிறுநீரில் பாக்டீரியாக்கள் உடைத்த மூலக்கூறுகள், தொடக்கத்திலும் கடைசியிலும் எடுத்த இரத்தத்தில் பாதுகாப்பு நொதிகள், மலத்தில் எந்தப் பாக்டீரியா எவ்வளவு. கோத்தானியெமியின் கோடு எறும்புப் புற்று உயரத்துக்கு எழும்பியிருந்தது. ஹாப்பலாஹ்தியின் கோடு பனிச்சறுக்குத் தாண்டும் மேடு மாதிரி இருந்தது.

சிர்க்கா கைதட்டினார். "பாத்தியா? ஹாப்பலாஹ்திக்குத்தான் சக்கை போயிருக்கு. என்ன ஒரு ஏத்தம்!" உறையைக் கத்தரியால் வெட்டினார். படித்தார். திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் ஒன்றும் இல்லை.

ஹாப்பலாஹ்திக்குப் போனது ஓட்ஸ் மாவு.

"ஓட்ஸ் இப்படிப் பண்ணாது," என்றார் சிர்க்கா.

"பண்ணாது."

நாற்காலியை இழுத்துப்போட்டு என் எதிரில் உட்கார்ந்தார். கோபம் இல்லை. யோசித்து முடித்துவிட்ட முகம்.

"லேபிள் எல்லாம் யாரு ஒட்டினது? நீதானே? முதல் வாரம் உனக்குக் காய்ச்சல் வேற. ரெண்டு ஊர்ப் பேரையும் முதல் நாளே மாத்தி எழுதியிருப்ப. அப்புறம் கடைசி வரைக்கும் அதே வரிசைல ஒட்டிக்கிட்டே போயிருப்ப. இது யாருக்கும் நடக்கும், சைமி. நான் திட்டப் போறதில்ல. மாத்தினோம்னு ஒரு வரி எழுதிக் குடு, ரெண்டு ஊரையும் திருப்பிப் போட்டுடலாம். எல்லாம் சரியாயிடும். இதைவிட நல்ல முடிவு யாருக்குக் கிடைக்கும்?"

நான் தலையாட்டப் போனேன். கழுத்து தானாகவே கிளம்பிவிட்டது. அதைப் பாதி வழியில் நிறுத்தினேன்.

"யோசிச்சுப் பாத்து வெள்ளிக்கிழமை சொல்லு," என்றார்.

ஒரு வரி. நாலு வருஷம்.

நான் மாற்றி எழுதவில்லை. அது எனக்குத் தெரியும். கலெர்வோவின் டப்பாவில் எப்போதும் செய்தித்தாள் மை ஒட்டியிருக்கும். உறைநிலைப் பெட்டியைத் திறந்து தேடினேன். ஹாப்பலாஹ்தி என்று எழுதிய வரிசையில், பதினாறு டப்பாக்களில், வானிலைப் பக்கத்தின் எழுத்துகள் தலைகீழாக ஒட்டிக்கொண்டிருந்தன. லேபிள் சரி.

உணவுக் குறிப்பேடுகளைப் படித்தேன். கம்பு ரொட்டி. உருளைக்கிழங்கு. ஏரி மீன் வறுவல். வியாழன் பட்டாணி சூப். காப்பி, காப்பி, காப்பி. பன்னிரண்டு பேரின் குறிப்பிலும் எட்டு வாரத்தில் ஒரு பெர்ரிகூட இல்லை.

புதன்கிழமை எல்மா வீட்டுக்குப் போனேன். டப்பா வாங்க அல்ல. ஆனாலும் என் காரைப் பார்த்ததும் எய்னோ உள்ளே போய் இரண்டு டப்பாக்களோடு வந்தார்.

"முடிஞ்சிருச்சுங்க. இனிமே வேண்டாம்."

"பழகிருச்சு," என்றார். "நீ வராத நாள்ல என்ன செய்யறதுன்னே தெரியல."

"உள்ள வந்து பேசுங்க ரெண்டு பேரும்," என்று எல்மா சமையலறையிலிருந்து கத்தினார். "எய்னோ, அதைக் கொண்டுபோய் வை. சாப்பாட்டு மேஜை மேல இல்ல!"

மேஜையில் கேக் இருந்தது. இரண்டு தடவை வேண்டாம் என்றேன். வெட்டினார்.

"எல்மா, ஒண்ணு கேக்கணும். அந்த எட்டு வாரம் நீங்க பெர்ரி சாப்டீங்களா?"

எல்மா காப்பியை ஊற்றினார். சாவோக்காரியிடம் நேர்க் கேள்வி கேட்டால் பதில் எந்தப் பக்கம் போகும் என்பது கேட்டவள் பாடு.

"சாப்டோம்னும் சொல்ல முடியாது."

"அப்ப சாப்டல?"

"சாப்டலன்னும் சொல்ல முடியாது. குறிப்பேட்டுல எழுதினது எல்லாம் சத்தியம்."

"அதுல பெர்ரியே இல்லீங்களே."

"இல்லல்ல? அப்புறம் என்ன?"

முள்கரண்டியை வாயருகே கொண்டுபோனேன். அப்போதுதான் எதிரே பார்த்தேன். எல்மாவின் தட்டில் ஒரு துண்டு. எய்னோவின் தட்டில் இரண்டு. இரண்டு பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எட்டு வாரம், வாரம் இரண்டு நாள், ஏழு வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் எதிர்த் தட்டில் ஒரு துண்டு இருந்தது. அத்தனையையும் நான் பார்த்திருக்கிறேன். எதிரில் நாற்காலி இருப்பதைப் பார்ப்பது மாதிரி பார்த்திருக்கிறேன்.

"இப்ப சாப்பிடறீங்களே, இது?"

"இது உனக்குச் சுட்டது."

"நீங்க சாப்பிடறீங்க."

எல்மா கரண்டியைக் கீழே வைத்தார். "ஒரு பொண்ணு நம்ம மேஜைல தனியா உக்காந்து தின்னும், நாங்க கையைக் கட்டிக்கிட்டு அவ வாயைப் பாத்துக்கிட்டு இருக்கணுமா? நாங்க என்ன விருந்தாளியைக் கவனிக்கத் தெரியாத ஸ்வீடன்காரங்களா?"

"மீதிக் கேக்?"

"மீதியை என்ன பண்ணச் சொல்ற? குப்பைல கொட்டவா?"

"நாங்கதான் தின்னோம்," என்றார் எய்னோ. "செவ்வாய், புதன். புதன் சாயங்காலம் அவ வியாழனுக்குச் சுடுவா. சரியா வந்திருக்கான்னு பாக்கணும்ல? அதுக்கு ஒரு துண்டு."

"ரெண்டு," என்றார் எல்மா. "நீ ரெண்டு பாப்ப."

"ஒரு துண்டுல என்ன தெரியும்?"

"ஏன் எழுதல?"

"விருந்தாளிக்குச் சுட்டதை எப்படி எங்க சாப்பாடுன்னு எழுதறது?" எல்மாவுக்கு உண்மையாகவே புரியவில்லை. "அது பொய்யில்லியா? எங்களுக்குன்னு நாங்க ஒரு பெர்ரி தொடல. சனி ஞாயிறுல எய்னோ கெஞ்சினான். ஃப்ரீசரைப் பூட்டி வெச்சேன்."

"பூட்டினா," என்றார் எய்னோ. அந்த வலி இன்னும் குரலில் இருந்தது.

"அதோட," எல்மா குரலைத் தாழ்த்தினார், "அந்தப் பொடி வெறும் ஓட்ஸ் மாவு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"முப்பது வருஷம் முன்னூறு பிள்ளைங்களுக்கு ஓட்ஸ் கஞ்சி காய்ச்சினவகிட்ட சாயம் போட்ட ஓட்ஸைக் குடுத்தா தெரியாதா? முதல் கரண்டியிலயே தெரிஞ்சுது. ஊர்ல எல்லாருக்கும் சொல்லிட்டேன்."

"எங்ககிட்ட சொல்லலியே?"

"நீ கேக்கலியே. பாவம், ஏதோ ஏமாந்து வாங்கிட்டாங்க போலன்னு நினைச்சோம்."

இன்னொரு துண்டு வைத்தார். சாப்பிட்டேன். அந்தக் கேக்கை எட்டு வாரமும் இங்கே கொண்டுவந்தது நான். என் கார் வராமல் இருந்தால் ஹாப்பலாஹ்தியில் பன்னிரண்டு பேர் ஓட்ஸ் தின்று உருளைக்கிழங்கு தின்று கோடு தட்டையாகப் படுத்திருக்கும். ஆய்வைக் கெடுத்தது லேபிள் இல்லை. நான்தான்.

திரும்பும் வழியில் சிர்க்காவிடம் சொல்ல வேண்டியதைக் காரில் சொல்லிப் பார்த்தேன். இரண்டாவது வாக்கியத்தில் நின்றுவிட்டது. மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் இரண்டாவது வாக்கியம்.

பேச வராதவளுக்கு அளக்க வரும். வியாழன் காலை ஒரு சோதனைக் குழாயை எடுத்துக்கொண்டு கழிப்பறைக்குப் போனேன். இருபத்து நாலு பேரின் மாதிரிகளோடு அதையும் வைத்து இயந்திரத்தில் ஓட்டினேன். மதியத்துக்குள் தாள் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை தாளை சிர்க்காவின் மேஜையில் வைத்துவிட்டு நின்றேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"எழுதிக் கொண்டுவந்துட்டியா? நல்லது. இது என்ன, இருபத்தஞ்சு? நம்மகிட்ட இருபத்து நாலு பேர்தானே?"

"ஆமா."

"எல்லாரையும்விட மூணு மடங்கு இருக்கே. இது மனுஷனே இல்ல. யாரு இது? கரடியா?"

"நான்."

கண்ணாடியைக் கழற்றினார். அதற்குப் பிறகு நான் பேசினேன். பதினோரு வாக்கியம். என் வாழ்க்கையில் ஒரே மூச்சில் அத்தனை பேசியது அதுதான். லேபிள் சரி என்பது ஒன்று. வானிலைப் பக்கம் ஒன்று. கேக் ஆறு. ஓட்ஸ் வாசனை ஒன்று. ஃப்ரீசர் பூட்டு ஒன்று. கடைசி வாக்கியம், "கெடுத்தது நான்தான், எழுதிக் குடுக்கணும்னா இதைத்தான் எழுத முடியும்."

சிர்க்கா தாளை மறுபடி எடுத்து இருபத்தைந்தாவது வரியில் விரலை வைத்தார்.

"மொத்தம் எத்தனை துண்டு?"

"நூத்திப் பன்னெண்டு. முந்தாநாள் தின்ன ரெண்டைச் சேக்காம."

"அப்ப அது குளிரு இல்ல."

"இல்ல."

"நான் ஹீட்டரைப் பாக்கச் சொன்னேன்."

"ஆமா."

"ஒரு தடவையாவது வேண்டாம்னு சொன்னியா?"

"ஒவ்வொரு தடவையும் ரெண்டு தடவை சொன்னேன்."

அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "செப்டம்பர்ல திரும்ப முதல்லேர்ந்து செய்யணும். ஆளு வேணும் எனக்கு. ஆனா ஒரு வீட்டு வாசல்ல நின்னு வேண்டாம்னு சொல்லத் தெரிஞ்ச ஆளா இருக்கணும். அது உன்னால முடியுமான்னு தெரியல." என் முகத்தைப் பார்த்தார். "அது ஒண்ணும் கஷ்டம் இல்ல. எழுந்திரு. நான் காட்டறேன். வண்டியை எடு."

வழியெல்லாம் பாடம் நடத்தினார். ஒரு தடவைதான் சொல்ல வேண்டும். புன்னகை கூடாது. காரணம் சொல்லக் கூடாது. சொன்னால் பதில் வரும். "முக்கியமா ஷூவைக் கழட்டாத. கழட்டினா தோத்தோம்."

எல்மா கதவைத் திறந்தார். சிர்க்கா மிதியடி மேல் நின்று கை குலுக்கினார். திருத்தமாகச் சொன்னார்: "நன்றி சொல்லத்தான் வந்தோம். எதுவும் சாப்பிட மாட்டோம்."

"சரி," என்றார் எல்மா.

நான் எல்மாவைப் பார்த்தேன். அவர் அவ்வளவு சீக்கிரம் சரி என்று சொல்லி நான் கேட்டதில்லை. உள்ளே போய் மேஜையருகே உட்கார்ந்தார். எய்னோவும் உட்கார்ந்திருந்தார். மேஜையின் நடுவில் கேக்கிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. நாங்கள் வாசல் மிதியடியில் நின்றோம். கடிகாரம் சத்தமாக ஓடியது.

"ஷூவோடயே நிக்கறாங்களே," என்றார் எய்னோ மெல்ல. "வீட்ல எங்கயாச்சும் தீப்பிடிச்சிருக்கா?"

"வேலை இருக்குமா இருக்கும்," என்றார் எல்மா.

மறுபடி கடிகாரம்.

"அப்ப இதை என்ன பண்றது? நாய்க்குப் போட்டுரவா?" என்று கேட்டார் எய்னோ.

"நமக்கு ஏது நாய்?"

"வாங்கணும்," என்றார் எய்னோ.

சிர்க்காவின் கால் ஒரு முறை அசைந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது. சாவோக்காரர்கள் வற்புறுத்துவதை யாரும் தாங்கிவிடலாம். வற்புறுத்தாமல் இருப்பதைத் தாங்க முடியாது.

"வாசனை நல்லாத்தான் இருக்கு," என்றார் சிர்க்கா.

"இருக்கும்னும் சொல்லலாம்," என்றார் எல்மா.

"ஒரு நிமிஷம் வேணா உக்காரலாம். காப்பி மட்டும்."

குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்தார். அவர் நிமிர்வதற்குள் எல்மா வெட்டிவிட்டார். கருகிய ஓரத்துண்டு சிர்க்காவுக்குப் போனது. இரண்டாவது துண்டின்போது பின்கதவு திறந்தது. கலெர்வோ. கையில் கிண்ணம். "பெரிய டாக்டர் வந்திருக்காங்கன்னாங்க," என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, கிண்ணத்தை வைத்து, நுரை படியும் முன் சாப்பிடும்படி கரண்டியையும் நீட்டினார்.

திரும்பி வரும்போது சிர்க்கா காரின் வெயில் மறைப்பை இறக்கி, அதிலிருந்த கண்ணாடியில் தன் பற்களைப் பார்த்துக்கொண்டார். வலப்பக்கம், இடப்பக்கம். நாக்கை நீட்டிப் பார்த்தார். கண்ணாடியை மூடினார். பத்து கிலோமீட்டர் போயிருப்போம்.

"ஊருக்குள்ள நுழையற இடத்துல பழைய பால் மேடை ஒண்ணு இருக்குல்ல?" என்றார்.

இருந்தது. பண்ணைக்காரர்கள் பால் கேன்களை லாரிக்காக ஏற்றி வைத்த பலகை மேடை. இப்போது அதன் பக்கத்தில் தபால் பெட்டிகள் வரிசையாக நிற்கின்றன.

"குளிர்பெட்டியை அங்க வெச்சிருவோம். அவங்களே வந்து போட்டுட்டுப் போகட்டும். நீ எடுத்துக்கிட்டு வந்துரு. யார் வீட்டுக்கும் போகாத. யாரு கூப்பிட்டாலும் போகாத."

"நானா?"

"பின்ன யாரு?"

"வேண்டாம்னு சொல்லத் தெரிஞ்ச ஆளுன்னு சொன்னீங்களே."

சிர்க்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அப்படி ஒரு ஆளு இந்தப் பக்கத்துல கிடைக்காது போல. ஒரு தலையாட்டலுக்கு நாலு வருஷம் கிடைக்கும்னு தெரிஞ்சும் தலையாட்டாத ஆளு ஒண்ணு கிடைச்சிருக்கு. அதை வெச்சு ஓட்டவேண்டியதுதான்." கொஞ்ச தூரம் போனதும் கேட்டார், "அந்த இளஞ்சிவப்புல என்ன போடறாரு அவரு?"

"ரவை."

"ம்," என்றார்.

செப்டம்பரில் மறுபடி தொடங்கினோம். இந்தத் தடவை பொடியில் ஓட்ஸ் இல்லை. எல்மாவுக்கு அடையாளம் தெரியாத ஒன்றாகத் தேடிப்பிடிக்க சிர்க்காவுக்கு ஒரு மாதம் ஆனது. குறிப்பேட்டில் ஒரு வரி புதிதாகச் சேர்த்தோம்: விருந்தாளிக்காகச் செய்து நீங்கள் உண்டதையும் எழுதவும்.

முதல் திங்கள் பால் மேடை அருகே காரை நிறுத்தினேன். பெட்டிக்குள் பன்னிரண்டு பேரின் டப்பாக்களும் இருந்தன. ஒன்றில் செய்தித்தாள் சுற்றியிருந்தது. யாரும் கண்ணில் படவில்லை. ஆனால் எல்மா வீட்டு ஜன்னல் திரை அசைந்தது.

பெட்டிக்குப் பக்கத்தில், பலகையின் மறுகோடியில், சுத்தமான துணி போட்டு மூடிய ஒரு தட்டு. துணியைத் தூக்கினேன். புளூபெர்ரி கேக். இந்த வருஷத்துப் பழம். துணியில் ஊக்கு குத்தி ஒரு சீட்டு.

"முழுசா உனக்கு. நாங்க ருசிகூடப் பாக்கல. உப்பு கூடியிருந்தா எங்க மேல தப்பில்ல. எல்மா. எய்னோ அழுதான்."

சுற்றிப் பார்த்தேன். ஓரம் கருகி, வட்டம் முழுசாக இருந்தது. எங்கும் கத்தி படவில்லை.

டப்பாக்களைப் பின்னிருக்கையில் வைத்துக் கட்டினேன். கேக்கை மடியில் வைத்துக்கொண்டு, எல்மாவின் ஜன்னலுக்குத் தெரியும்படி காரிலேயே உட்கார்ந்து ஒரு துண்டு பிய்த்துச் சாப்பிட்டேன். எதிரில் யாரும் இல்லை. உப்பு கொஞ்சம் கூடத்தான் இருந்தது. பிறகு கார்க் கதவின் பையிலிருந்து ஒரு குறிப்பேட்டை எடுத்து, கடைசிப் பக்கத்தில் என் எண்ணை எழுதி, தேதி போட்டு எழுதினேன்: இருபத்தைந்து. கேக், ஒரு துண்டு. தனியாக.